டி.என்.ஏ. வரலாற்றில் நான் சொல்லாமல் விட்ட ஐந்து ஆண்டுகள்



அமெரிக்க அறிவியலாளர் ஜேம்ஸ் வாட்சன் 2025 நவம்பர் 6ஆம் நாள் தமது 97ஆம் அகவையில் காலமானார். அச்செய்தியைப் படித்தவுடன் அவரைவிட முன்னதாக என் நினைவுக்கு வந்தவள் ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி. அவள் கேட்ட ஒரு கேள்விக்கு நான் சொன்ன விடை இன்றும் என் நெஞ்சை உறுத்திக்கொண்டிருக்கிறது.

அது 2003ஆம் ஆண்டு. டி.என்.ஏ.வின் அமைப்பு வெளியாகி ஐம்பது ஆண்டுகள் நிறைந்திருந்தன. நாளிதழ்களில் அது குறித்துக் கட்டுரைகள் வந்தவண்ணம் இருந்தன. எங்கள் பள்ளி அறிவியல் கழகத்தில் நானும் அரைமணி நேரம் உரையாற்றினேன். நம் நாட்டில் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்துக்கு மாறத் தொடங்கிய ஆண்டும் அதுவேதான். அம்மாற்றம் தொடக்கப்பள்ளியில் முதலாம் ஆண்டிலிருந்து வந்தமையால், ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளிடம் அறிவியலைத் தமிழிலேயே பேச முடிந்தது. நானும் உற்சாகத்தோடு பேசினேன். பேச்சின் முடிவில் கரும்பலகையில் இவ்வாறு எழுதினேன்: “1953இல் வாட்சனும் கிரிக்கும் டி.என்.ஏ.வைக் கண்டுபிடித்தனர். அது தன்னைத்தானே எவ்வாறு படியெடுக்கிறது என்பதையும் கண்டுபிடித்தனர்.”

பின்வரிசையில் இருந்த அந்த மாணவி எழுந்தாள். “ஐயா, அது படியெடுப்பதை அவர்கள் பார்த்தார்களா?” என்று கேட்டாள்.

“அவ்வளவு பெரிய அறிஞர்கள் பார்க்காமலா சொல்வார்கள், அம்மா?” என்றேன். வகுப்பு சிரித்தது. அவள் அமர்ந்துவிட்டாள்.

உண்மை என்னவெனில், அவர்கள் பார்க்கவில்லை. அது மட்டுமன்று, நான் கரும்பலகையில் எழுதிய இரண்டு வரிகளுமே பிழையானவை. இதனை நான் அறிந்துகொண்டபோது அவள் இடைநிலைப் பள்ளியையும் முடித்துச் சென்றுவிட்டாள்.

முதல் வரியிலிருந்து தொடங்குகிறேன். டி.என்.ஏ. என்னும் பொருளைக் கண்டுபிடித்தவர்கள் வாட்சனும் கிரிக்கும் அல்லர். அவர்கள் பிறப்பதற்கு நெடுங்காலம் முன்னரே, 1869இல், பிரீட்ரிக் மீஷர் என்னும் சுவிட்சர்லாந்து இளைஞர் அதனைப் பிரித்தெடுத்துவிட்டார். அவர் பணியாற்றிய ஆய்வகம் செர்மனியின் டியூபிங்கன் நகரக் கோட்டையில், முன்பு சமையற்கூடமாக இருந்த அறையில் அமைந்திருந்தது. அறுவை மருத்துவமனையில் நோயாளிகளின் புண்ணைக் கட்டிக் கழித்த துணிகளை மீஷர் வாங்கி வருவார். அவற்றில் ஊறிய சீழைக் கழுவி, அதிலிருந்த வெள்ளை அணுக்களைச் சேகரித்து, அவற்றின் உட்கருவிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தார். அது புரதம் போல் நடந்துகொள்ளவில்லை. அதில் பாஸ்பரஸ் மிகுந்திருந்தது. உட்கருவில் கிடைத்ததால் அதற்கு ‘நியூக்ளின்’ எனப் பெயரிட்டார். அவருடைய ஆசிரியர் ஹோப்பெ சைலர் இம்முடிவை எளிதில் நம்பவில்லை. அந்த ஆய்வுகளைத் தாமே மீண்டும் செய்து பார்த்தார். அதன் பிறகே, 1871இல், மீஷரின் கட்டுரை அச்சேறியது. மாணவன் சொன்னதை ஆசிரியர் சரிபார்த்த பிறகே வெளியிட்ட அந்த ஒழுக்கத்தை நான் மிகவும் மதிக்கிறேன். மாணவியின் கேள்வியை நான் கையாண்ட விதத்தை எண்ணிப் பார்க்கையில் அந்த மதிப்பு இன்னும் கூடுகிறது.

அதன்பின் பல பத்தாண்டுகள் டி.என்.ஏ.வை எவரும் பெரிதாகக் கருதவில்லை. பெற்றோரின் இயல்புகளைப் பிள்ளைக்குக் கடத்துவது ஏதேனும் ஒரு புரதமாகத்தான் இருக்க வேண்டும் என்றே பலரும் நம்பினர். புரதத்தில் இருபது வகைக் கட்டுமானப் பொருள்கள் உள்ளன, டி.என்.ஏ.விலோ நான்கே நான்கு. நான்கு எழுத்துகளைக் கொண்டு எதைத்தான் எழுதிவிட முடியும் என்பது அவர்கள் எண்ணம். 1944இல் நியூயார்க்கில் ஆசுவால்டு ஏவரியும் அவருடைய துணைவர்களான மெக்லியோடு, மெக்கார்ட்டி ஆகியோரும் அந்நம்பிக்கையை அசைத்தனர். நிமோனியாக் காய்ச்சலை உண்டாக்கும் நுண்ணுயிரிகளில் தீங்கு செய்யும் வகையிலிருந்து டி.என்.ஏ.வை மட்டும் பிரித்து, தீங்கற்ற வகைக்குக் கொடுத்தனர். தீங்கற்றது தீங்கு செய்வதாக மாறியது. அதன் வழித்தோன்றல்களும் அவ்வாறே மாறின. அதன் பிறகும் ஐயப்பட்டவர்கள் இருந்தனர். ஏவரிக்கு நோபெல் பரிசு கிடைக்கவே இல்லை. இது பெருங்குறை என்பது என் கருத்து.

அடுத்து வருபவர் எர்வின் சார்காஃப். பல உயிரினங்களின் டி.என்.ஏ.வில் அந்த நான்கு காரங்களும் என்னென்ன அளவில் உள்ளன என்று அவர் அளந்து பார்த்தார். 1950ஆம் ஆண்டு வாக்கில் அவருக்கு ஒரு விந்தை புலப்பட்டது. எந்த உயிரை எடுத்தாலும் அடினைனின் அளவும் தைமினின் அளவும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தன. குவானைனும் சைட்டோசினும் அவ்வாறே. ஏன் அப்படி என்பதற்கு அவரிடம் விளக்கம் இல்லை.

இனி, எல்லாரும் அறிந்த பகுதிக்கு வருவோம். ஆனால் எல்லாரும் அறிந்தபடி அன்று.

1951 சனவரியில் ரோசலிண்ட் பிராங்க்ளின் என்னும் வேதியியலாளர் இலண்டன் கிங்ஸ் கல்லூரியில் பணியில் சேர்ந்தார். ஊடுகதிர்களைக் கொண்டு மூலக்கூறுகளின் அமைப்பை ஆராய்வதில் அவர் கைதேர்ந்தவர். அம்முறையில் மூலக்கூறு படமாக விழுவதில்லை. அதன் மீது பட்டுச் சிதறும் கதிர்கள் தட்டில் புள்ளிகளாகவும் கோடுகளாகவும் பதியும். அப்புள்ளிகளிலிருந்து கணக்கிட்டு, இன்ன அமைப்பாக இருந்தால்தான் இவ்வாறு பதியும் என்று உய்த்துணர வேண்டும். (அதே காலத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் இதே வகை ஆய்வினால்தான் கொலாஜன் என்னும் புரதம் மூன்று இழைகள் முறுக்கிக்கொண்ட அமைப்புடையது என்று 1954இல் வெளியிட்டனர். அடுத்த ஆண்டு அதில் திருத்தம் சொல்ல வந்தவர்களில் ஒருவர் இதே பிரான்சிஸ் கிரிக்.)

1951 இறுதியில் கேம்பிரிட்ஜில் இருந்த வாட்சனும் கிரிக்கும் ஓர் உருமாதிரி செய்தனர். மூன்று இழைகள், பாஸ்பேட் பகுதி உள்ளே, காரங்கள் வெளியே. பிராங்க்ளின் வந்து பார்த்தார். பாஸ்பேட் வெளியேதான் இருக்க வேண்டும் என்று அங்கேயே காரணம் காட்டி மறுத்தார். உருமாதிரி கைவிடப்பட்டது. அந்த வேலையை நிறுத்துமாறு ஆய்வகத் தலைவர் பிராக் இருவருக்கும் சொல்லிவிட்டார்.

1952 மே மாதத்தில் பிராங்க்ளினின் வழிகாட்டுதலில் மாணவர் ரேமண்ட் கோஸ்லிங் எடுத்த 51ஆம் எண் படம் மிகத் தெளிவாக அமைந்தது. நடுவில் பெருக்கல் குறி போன்ற கோலம். துறை அறிந்தவர் கண்ணுக்கு அது சுருள் அமைப்பின் அடையாளம். 1953 சனவரி இறுதியில் அப்படத்தை, பிராங்க்ளினுக்குத் தெரியாமல், அவருடன் பணியாற்றிய மாரிஸ் வில்கின்ஸ் வாட்சனிடம் காட்டினார். அடுத்த சில நாள்களில், பிராங்க்ளினின் அளவீடுகள் அடங்கிய ஆய்வறிக்கை ஒன்றும் மாக்ஸ் பெரூட்ஸ் வழியாகக் கிரிக்கின் கைக்கு வந்தது. இரண்டு இழைகளும் எதிரெதிர்த் திசையில் ஓடுகின்றன என்பதைக் கிரிக் அதிலிருந்துதான் உணர்ந்தார்.

வாட்சனும் கிரிக்கும் ஒன்றும் செய்யவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. அட்டையில் வெட்டிய காரங்களின் வடிவங்களை மேசைமேல் பரப்பி, வாட்சன் மாற்றி மாற்றிப் பொருத்திக்கொண்டிருந்தார். பாடநூலில் இருந்த வடிவங்கள் பிழையானவை என்று உடன் பணியாற்றிய ஜெரி டானகியூ சுட்டிக்காட்டினார். திருத்திய வடிவங்களை வைத்துப் பார்த்தபோது, 1953 பிப்ரவரி 28ஆம் நாள், அடினைன் தைமினோடும் குவானைன் சைட்டோசினோடும் கச்சிதமாகச் சேர்ந்தன. இரண்டு இணைகளும் ஒரே அகலம். சார்காஃப் அளந்து சொன்ன விந்தைக்கும் அங்கேயே விடை கிடைத்துவிட்டது. பிறர் தனித்தனியே வைத்திருந்த துண்டுகளை ஒன்றாக்கிப் பார்த்த மதி அவர்களுடையது. அத்துண்டுகள் யாருடையவை என்று சொல்லாமல் விட்ட பழியும் அவர்களுடையதே. வாட்சன் 1968இல் எழுதிய ‘இரட்டைச் சுருள்’ என்னும் நூலில் பிராங்க்ளினைச் சித்திரித்த விதம் அப்பழியை இன்னும் கூட்டியது. முதுமையில் இனங்களின் அறிவாற்றல் குறித்து அவர் பேசிய பேச்சுகளுக்காக, அவர் வளர்த்தெடுத்த ஆய்வு நிலையமே 2019இல் தான் அளித்திருந்த சிறப்புப் பட்டங்களைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு நூலேணியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். இருபுறக் கயிறுகளும் சர்க்கரையும் பாஸ்பேட்டும் மாறி மாறிக் கோத்தவை. ஒவ்வொரு படியும் இரண்டு காரங்கள் நடுவில் கைகோத்து நிற்பது. இந்த ஏணியை வலப்புறமாக முறுக்கினால் அதுவே டி.என்.ஏ. அகலம் 2 நானோமீட்டர். படிக்குப் படி 0.34 நானோமீட்டர். ஏறத்தாழப் பத்துப் படிக்கு ஒரு முழு முறுக்கு. கயிறுகளில் உள்ள பிணைப்பு வலியது. நடுவில் காரங்கள் கோத்துள்ள ஹைட்ரஜன் பிணைப்பு மெலியது. மனித உயிரணு ஒன்றில் உள்ள டி.என்.ஏ. முழுவதையும் நீட்டி வைத்தால் 2 மீட்டர் வரும். என் உயரத்தைவிட அது அதிகம்.

கயிறு வலியது, படியின் நடு மெலியது என்பதைக் கவனியுங்கள். ஏணி நடுவில் பிரியக்கூடும். ஒரு பாதியில் அடினைன் இருந்தால் எதிரே தைமின்தான் வர முடியும். குவானைன் இருந்தால் சைட்டோசின்தான். ஆகவே ஒரு பாதி கையில் இருந்தால் மறு பாதியை எழுத்துப் பிசகாமல் எழுதிவிடலாம். 1953 ஏப்ரல் 25ஆம் நாள் ‘நேச்சர்’ இதழில் வெளியான, ஒரு பக்கத்தைச் சற்றே தாண்டும் அந்தக் கட்டுரையின் இறுதியில், இந்த இணைசேர்க்கை படியெடுக்கும் வழியைக் குறிப்பதுபோல் உள்ளது என்று இருவரும் அடக்கமாக ஒரே வாக்கியத்தில் சொல்லிச் சென்றனர். மே 30ஆம் நாள் வந்த இரண்டாம் கட்டுரையில் அதனைச் சற்று விரித்தனர். பிராங்க்ளினும் கோஸ்லிங்கும் எழுதிய கட்டுரை ஏப்ரல் இதழில் மூன்றாவதாக, முன்னதற்குச் சான்று போல, அச்சிடப்பட்டிருந்தது.

வாட்சன், கிரிக் இருவரும் சொன்னது ஊகம். நல்ல ஊகம், அழகான ஊகம். ஆயினும் ஊகமே. “அவர்கள் பார்த்தார்களா, ஐயா?” என்ற கேள்வி அன்று உலகத்தில் கேட்கப்படாமலும் இல்லை. அதனை உரக்கக் கேட்டவர் மாக்ஸ் டெல்புரூக். கலிபோர்னியாவில் பணியாற்றிய பெயர்பெற்ற அறிஞர், வாட்சனின் மதிப்புக்குரியவர். அவருடைய ஐயம் எளிமையானது. இரண்டு இழைகளும் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிக்கொண்டுள்ளன. பிரிய வேண்டுமென்றால் முறுக்கு அவிழ வேண்டும். நம் குடலில் வாழும் இ. கோலி என்னும் நுண்ணுயிரியின் டி.என்.ஏ.வில் 46 இலட்சம் படிகள். அப்படியானால் நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்ட முறுக்குகள். உயிரணு இரண்டாகப் பிரிவதற்கு முன் அத்தனையும் சிக்கலில்லாமல் அவிழ்வது எப்படி? சணற்கயிற்றை நடுவில் பிரித்துப் பார்த்தவர்களுக்கு அவருடைய அச்சம் புரியும். பிரிக்கப் பிரிக்க, முன்னால் உள்ள முறுக்கு இறுகிக்கொண்டே போகும். முறுக்கைத் தளர்த்தும் நொதியை ஜேம்ஸ் வாங் 1971இல்தான் கண்டறிந்தார். ஆகவே 1954இல் டெல்புரூக் ஐயப்பட்டது முற்றிலும் முறையானதே.

ஆக மூன்று வழிகள் கற்பனைக்கு எட்டின.

ஒன்று, நம் முன்னோர் ஓலைச்சுவடியைப் பெயர்த்தெழுதிய வழி. மூலச் சுவடியை அருகில் வைத்துக்கொண்டு புதிய ஓலையில் எழுதுவார்கள். எழுதி முடித்ததும் பழையது முழுக்கப் பழையதாகவும் புதியது முழுக்கப் புதியதாகவும் இருக்கும். டி.என்.ஏ.வும் இவ்வாறே முழு ஏணியைக் கலைக்காமல் வைத்துக்கொண்டு வேறோர் ஏணியைச் செய்யலாம் அல்லவா? இரண்டாவது, வாட்சனும் கிரிக்கும் சொன்ன வழி. ஏணி பிளந்து, ஒவ்வொரு பாதியும் தனக்கொரு புதிய பாதியைக் கட்டிக்கொள்ளும். அப்போது பிறக்கும் இரண்டு ஏணிகளிலும் பாதி பழையது, பாதி புதியது. மூன்றாவது, டெல்புரூக் சொன்னது. முறுக்கை அவிழ்க்கும் தொல்லையைத் தவிர்க்க, இழைகள் ஆங்காங்கே அறுபட்டு, பழைய துண்டும் புதிய துண்டுமாக ஒட்டிக்கொள்ளும். ஒட்டுப்போட்ட போர்வை போல, எல்லா இழைகளிலும் பழையதும் புதியதும் கலந்திருக்கும்.

மூன்றில் எது உண்மை? கண்ணால் காண முடியாத ஒன்றில் பழைய நூல் எது, புதிய நூல் எது என்று எப்படிப் பிரித்தறிவது?

இந்த இடத்தில்தான் நான் 2003இல் பெயரைக்கூட அறியாதிருந்த இரண்டு இளைஞர்கள் வருகிறார்கள். மேத்யூ மெசெல்சன், பிராங்க்ளின் ஸ்டால். (ரோசலிண்ட் பிராங்க்ளினோடு இவரைக் குழப்பிக்கொள்ள வேண்டா.) 1954 கோடையில் அமெரிக்காவின் உட்ஸ் ஹோல் என்னும் கடலோர ஆய்வு நிலையத்தில் இருவரும் சந்தித்தனர். இருவருக்கும் வயது இருபத்தைந்துகூட நிறையவில்லை. மெசெல்சன், லைனஸ் பாலிங்கின் ஆராய்ச்சி மாணவர். அந்தப் பாலிங்தான் 1953 தொடக்கத்தில், டி.என்.ஏ.வுக்கு மூன்று இழைகள் என்று பிழையான அமைப்பை வெளியிட்டு, போட்டியில் பின்தங்கியவர். ஆசிரியர் தவறவிட்ட மூலக்கூறில் மாணவர் கை வைத்தார்.

அவர்களுடைய எண்ணம் இது: பழைய நூலைக் கனமாக்கிவிட்டால்? சாதாரண நைட்ரஜன் அணுவின் எடை 14. எடை 15 உள்ள நைட்ரஜனும் இயற்கையில் சிறிதளவு உண்டு. வேதியியலில் இரண்டும் ஒன்றே, எடையில்தான் வேறுபாடு. கன நைட்ரஜன் மட்டுமே உள்ள ஊட்டக் கரைசலில் இ. கோலியைப் பதினான்கு தலைமுறை வளர்த்தனர். அதன் டி.என்.ஏ. முழுவதும் கனமாகிவிட்டது. பிறகு ஒரே நேரத்தில் சாதாரண நைட்ரஜனுக்கு மாற்றினர். அந்நொடி முதல் கட்டப்படும் ஒவ்வொரு புதிய நூலும் இலேசானது. தலைமுறைக்குத் தலைமுறை சிறிது சிறிதாக எடுத்து டி.என்.ஏ.வைப் பிரித்தனர்.

கனத்தில் உள்ள வேறுபாடு ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. எந்தத் தராசில் நிறுப்பது? பிள்ளைகளுக்கு நாம் செய்து காட்டும் முட்டைச் சோதனையை எண்ணிப் பாருங்கள். வெறும் நீரில் முட்டை மூழ்கும்; உப்பு நீரில் மிதக்கும். அடியில் உப்பு மிகுந்தும் மேலே குறைந்தும் இருந்தால், முட்டை தன் கனத்துக்கு ஏற்ற இடத்தில் நடுவே நிற்கும். அவர்கள் சீசியம் குளோரைடு என்னும் கனமான உப்பைக் கரைத்து, டி.என்.ஏ.வைச் சேர்த்து, மைய விலக்குச் சுழற்பொறியில் நிமிடத்துக்கு 44,770 சுற்று வீதம் 20 மணி நேரம் சுழற்றினர். அந்த வேகத்தில் உப்பே வெளிப்புறமாக நெருக்கப்பட்டு, கரைசல் படிப்படியாகக் கனம் கூடிய அடுக்காகிவிடும். டி.என்.ஏ. தன் கனத்துக்குரிய இடத்தில் மெல்லிய பட்டையாகத் திரண்டு நிற்கும். புற ஊதாக் கதிரில் படம் எடுத்தால் பட்டை கருமையாகத் தெரியும்.

தொடக்கத்தில் ஒரே பட்டை, கன இடத்தில். ஒரு தலைமுறை கழிந்தது. மீண்டும் ஒரே பட்டை. ஆனால் கனத்துக்கும் இலேசுக்கும் சரியாக நடுவில். ஓலைச்சுவடி வழி அங்கேயே முடிந்தது. அது உண்மையாயின் கன இடத்தில் ஒன்றும் இலேசு இடத்தில் ஒன்றுமாக இரண்டு பட்டைகள் தோன்றியிருக்க வேண்டும். நடுவில் ஒன்றுமே இருந்திருக்காது. எஞ்சியவை இரண்டு வழிகள். இரண்டாம் தலைமுறை கழிந்தது. இப்போது இரண்டு பட்டைகள். ஒன்று நடுவில், ஒன்று இலேசு இடத்தில், சம அளவில். டெல்புரூக் சொன்னவாறு கலந்திருந்தால் எல்லாம் ஒரே பட்டையாக, நடுவிலிருந்து சற்றே இலேசுப் பக்கம் நகர்ந்திருக்கும். அவ்வாறு நிகழவில்லை. பாதி பழையது, பாதி புதியது. ஊகம் உண்மையாயிற்று.

நடுப்பட்டையில் இருந்த டி.என்.ஏ.வைச் சூடாக்கியும் பார்த்தனர். அது கனமான பாதியாகவும் இலேசான பாதியாகவும் பிரிந்தது. ஆயினும் கட்டுரையில் அவற்றை ‘இழை’ என்று அவர்கள் எழுதவில்லை. ‘உட்கூறு’ என்றே எழுதினர். தாங்கள் கண்டது பாதி பாதியாகப் பிரிந்த ஒரு பொருள். அந்தப் பாதி ஏணியின் ஒரு கயிறுதான் என்பதைத் தாங்கள் தனியே மெய்ப்பிக்கவில்லை என்பது அவர்கள் எண்ணம். கண்டதற்கு மேல் ஒரு சொல்லும் சேர்க்காத அந்தக் கட்டுப்பாட்டைப் படித்தபோது, என் கரும்பலகை வரிகளை நினைத்து வெட்கினேன்.

கட்டுரை 1958 சூலையில் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழக இதழில் வெளிவந்தது. அவ்விதழில் கட்டுரை இடம்பெற வேண்டுமானால் கழக உறுப்பினர் ஒருவர் அதனை அனுப்பி வைக்க வேண்டும். அனுப்பி வைத்தவர் யார் தெரியுமா? மாக்ஸ் டெல்புரூக். தம் கருத்தைப் பொய்யாக்கிய சான்றைத் தம் கையாலேயே அவர் உலகுக்கு அளித்தார்.

ரோசலிண்ட் பிராங்க்ளின் அதனை அச்சில் காணவில்லை. 1958 ஏப்ரல் 16ஆம் நாள், புற்றுநோயால், 37ஆம் அகவையில் அவர் மறைந்தார். 1962இல் வாட்சன், கிரிக், வில்கின்ஸ் மூவரும் நோபெல் பரிசு பெற்றனர். மெசெல்சனுக்கும் ஸ்டாலுக்கும் அப்பரிசு வாய்க்கவே இல்லை.

மெசெல்சனும் ஸ்டாலும்கூடப் படியெடுப்பதை நேரில் பார்க்கவில்லையே என்று அம்மாணவி கேட்டிருக்கக்கூடும். முறையான கேள்வி. அதற்கும் விடை உண்டு. ஜான் கெய்ர்ன்ஸ் என்பவர் கதிரியக்கம் உள்ள ஹைட்ரஜன் சேர்ந்த தைமிடினை இ. கோலிக்கு ஊட்டினார். பிறகு உயிரணுக்களை மென்மையாக உடைத்து, டி.என்.ஏ. அறுந்துவிடாமல் விரித்து, மேலே படச்சுருள் பூச்சிட்டு, இருட்டில் இரண்டு மாதம் வைத்திருந்தார். சிதைந்த ஒவ்வோர் அணுவும் ஒரு கரும்புள்ளி இட்டது. புள்ளிகள் சேர்ந்து கோடாயின. 1963இல் அவர் வெளியிட்ட படங்களில், ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் சுற்றளவுள்ள ஒரு வளையம் தெரிந்தது. அதனைத் தன்னுள் அடக்கி வைத்திருந்த நுண்ணுயிரியின் நீளமோ அதில் சில நூற்றில் ஒரு பங்கு. வளையத்தின் ஓரிடத்தில் ஒற்றைக் கோடு இரண்டாகக் கவைத்துப் பிரிந்திருந்தது. படியெடுத்துக்கொண்டிருக்கும்போதே அகப்பட்ட டி.என்.ஏ. அது. ஆம் அம்மா, பார்த்தார்கள். 1953இல் அன்று, பத்து ஆண்டுகள் கழித்து, வேறொருவர்.

அந்தக் கவை புதியதொரு சிக்கலைக் கொண்டுவந்தது. புதிய நூலைக் கட்டும் நொதியை ஆர்தர் கோர்ன்பெர்க் 1956லேயே பிரித்தெடுத்திருந்தார்; 1959இல் நோபெல் பரிசும் பெற்றார். ஆனால் இவ்வகை நொதி ஒரே திசையில்தான் எழுதும், நாம் இடமிருந்து வலமாக மட்டும் எழுதுவது போல. இரண்டு கயிறுகளோ எதிரெதிர்த் திசையில் ஓடுகின்றன. அப்படியானால் கவை முன்னேறும்போது ஒரு கயிற்றில் தடையின்றி எழுதலாம். மற்றதில்? இதற்கு விடை சப்பானின் நகோயா பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. ரெய்சி ஒகசாகி, சுனேகோ ஒகசாகி என்னும் கணவனும் மனைவியும் 1968இல் காட்டியது இது: மறு கயிற்றில் நொதி சிறு சிறு துண்டுகளாகப் பின்னோக்கி எழுதுகிறது, பிறகு வேறொரு நொதி அத்துண்டுகளை ஒட்டுகிறது. நுண்ணுயிரிகளில் ஒரு துண்டு 1,000 முதல் 2,000 எழுத்து வரை இருக்கும். இன்றும் அவற்றுக்கு ஒகசாகித் துண்டுகள் என்றே பெயர். ரெய்சி இரோசிமாவில் பிறந்தவர். 1945இல் அணுகுண்டு விழுந்தபோது கதிர்வீச்சுக்கு ஆளான பள்ளி மாணவர். 1975இல் குருதிப் புற்றுநோயால் 44ஆம் அகவையில் இறந்தார். ஒவ்வொரு துண்டும் எவ்வாறு தொடங்குகிறது என்னும் எஞ்சிய ஆய்வைச் சுனேகோ தொடர்ந்து நடத்தி முடித்தார்.

பிழைகளைப் பற்றியும் ஒரு சொல். ஏடெழுதுவோர் கண் அயர்ந்த இடங்களெல்லாம் பாட வேறுபாடுகளாக இன்றளவும் நம் பதிப்பாசிரியர்களை வாட்டுகின்றன. டி.என்.ஏ.வை எழுதும் நொதியும் பிழை செய்யும். ஆனால் எழுதிய கையோடு திரும்பிப் பார்த்து, தவறான எழுத்தை நீக்கிவிட்டு மீண்டும் எழுதும். அதன்பின் வேறு நொதிகள் வந்து இன்னொரு முறை சரிபார்க்கும். எல்லாம் முடிந்த பின் நூறு கோடி எழுத்துக்கு ஒரு பிழை அல்லது அதனினும் குறைவாகவே எஞ்சும். என் தேர்வுத்தாள் திருத்தம் அவ்வளவு துல்லியமாக இருந்ததில்லை.

இப்போது அறிவியல் கழகத்தில் இப்பாடம் எடுக்கும்போது, சிவப்புக் கம்பளி நூலும் வெள்ளைக் கம்பளி நூலும் வாங்கிப் போகிறேன். இரண்டு சிவப்பு நூல்களை முறுக்கிக் கொடுத்து, இனிமேல் வெள்ளை நூல் மட்டுமே கிடைக்கும் என்று சொல்லிவிட்டு, மூன்று வழிகளிலும் படியெடுக்கச் சொல்வேன். மெசெல்சன், ஸ்டால் பெயர்களை முன்கூட்டியே சொல்வதில்லை. கடந்த ஆண்டு ஒரு மாணவன் ஓலைச்சுவடி வழிதான் சரி, அதுதான் துப்புரவானது என்று பிடிவாதமாக நின்றான். பட்டைகளின் படத்தைக் கரும்பலகையில் வரைந்தேன். நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தன் நூல்களைத் தானே பிரித்துப் போட்டான்.

பாதி பேணும் வழியில் மூன்றாம் தலைமுறை வரை சென்ற குழுவினரின் மேசையில் எட்டு முறுக்குகள் இருந்தன. அவற்றில் எத்தனையில் சிவப்பு உள்ளது என்று கேட்டேன். ஒரு சிறுமி எண்ணினாள். இரண்டாம் தலைமுறைத் தாளை எடுத்து அதையும் எண்ணினாள்.

“இரண்டுதான், ஐயா. அப்போதும் இரண்டு, இப்போதும் இரண்டு” என்றாள். பிறகு, நான்காம் தலைமுறைக்கு நூல் போதுமா என்று கேட்டாள்.